மழை நாளில் வடக்கே ஒரு பயணம்

சென்னைவாசிகள் பலருக்கு நகரம் என்றால் மயிலாப்பூரும் மாம்பலமும்தான். வடக்கே ஓர் ஊர் இருப்பது, திருவொற்றியூரிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தால்தான் ஞாபகத்துக்கு வரும். முகூர்த்தம் ஐப்பசியிலோ கார்த்திகையிலோ இருந்தால், புறப்படுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ஆம் வருஷம் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அந்தப் பழைய ஸ்டேஷன் இன்றும் தூண்களோடு கம்பீரமாக நிற்கிறது. அடுத்தது காசிமேடு, விசைப்படகுகள், ஐஸ் பெட்டிகள், மீன் பேரத்தின் கூச்சல்! அப்புறம் கடலை ஒட்டியே சாலை. ஒரு புறம் அலைகள், மறுபுறம் வீடுகள், நடுவே கண்டெய்னர் லாரிகளின் ஊர்வலம். திருவொற்றியூரில் தியாகராஜரையும் வடிவுடையம்மனையும் தரிசித்து, பட்டினத்தார் சமாதியில் சற்று நின்று, மேலும் வடக்கே போனால் எண்ணூர். கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் இடம்.

அழகான இடந்தான். ஆனால், அடைமழையில் அதன் முகமே மாறிவிடும். பூண்டி ஏரியின் உபரி நீரும், புழல் ஏரியின் உபரி நீரும் கடைசியில் இங்கேதான் வந்து சேர வேண்டும். பக்கிங்ஹாம் கால்வாயும் இங்கே கலக்கிறது. நிலமோ தாம்பாளம் போல் தட்டை. புயலில் கடல் பொங்கி நின்றால், வந்த தண்ணீரை உள்ளே விடாது. அது ஊருக்குள்ளேதான் திரும்பும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெயும் சேர்ந்து வந்து, எண்ணூர் மீனவர்களின் படகிலும் வலையிலும் கரியாய் அப்பிக்கொண்டது.

சாலையில் போகிறவர்களுக்குப் பெரிய கண்டம், ரயில் பாதைக்குக் கீழே செல்லும் சுரங்கப்பாதைகள். கணேசபுரமானாலும் மாணிக்கம் நகரானாலும், சுற்றுப்புறத்துத் தண்ணீரெல்லாம் முதலில் நிரப்புவது அந்தக் கிண்ணத்தைத்தான்.

ஒரு மழை நாளில் அப்படியொரு சுரங்கப்பாதையின் வாயிலில், ஸ்கூட்டரில் வந்த ஓர் இளம் தாயை மீன்காரப் பாட்டி மறித்துக்கொண்டாள்.

"யம்மா, திரும்பிப் போயிடு!"

"ஸ்கூல் விட்டாச்சு பாட்டி. குழந்தை காத்துக்கிட்டிருக்கா."

"அவ அங்கே பத்திரமாத்தான் இருப்பா. நீ பத்திரமாப் போய்ச் சேர்ந்தாத்தானே அழைச்சுக்கிட்டு வரலாம்?"

ஸ்கூட்டர் திரும்பியது. பாட்டி சொன்னதற்குக் கணக்கும் உண்டு. வேகமாக ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும். ஓரடியில் சிறிய கார் மிதக்கும். இரண்டடி வந்தால் பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போகும். 'முன்னால் பஸ் போகிறதே' என்று பின்தொடர வேண்டாம். பஸ்ஸின் உயரம் வேறு, நம் வண்டியின் உயரம் வேறு.

இன்னும் சில: முதல் மழையில் தூசியும் எண்ணெயும் கலந்து சாலை வழுக்கும், மெதுவாகப் போங்கள். லாரிக்குப் பக்கத்தில் ஒட்டிப் போகாதீர்கள். டிரைவர் கண்ணுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். தேங்கிய நீரில் நடக்க நேர்ந்தால், மின்கம்பத்தையும் மின்பெட்டியையும் விட்டு விலகி, கம்பு ஊன்றிப் பார்த்து நடங்கள். மூடியில்லாத சாக்கடை இருக்கலாம். மாநகராட்சிக்கு 1913, அவசரத்துக்கு 112 - இரண்டு எண்களையும் குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

முகூர்த்தத்துக்குப் போகவில்லையென்று சம்பந்தி வீட்டார் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். வெயில் வந்ததும் ஒரு முழம் பூவோடும் வெற்றிலை பாக்கோடும் போய் நின்றால், அது சரியாகிவிடும்!