பேசாமல் இருக்கலாம் என்று யார் சொல்வது?

டப்பிங் செய்த ஆங்கிலப் படங்களில் பார்த்திருப்பீர்கள். விலங்கு மாட்டியதும் போலீஸ்காரர் மந்திரம் மாதிரி ஒப்பிப்பார்: "நீ பேசாமல் இருக்கலாம். பேசினால் அது உனக்கு எதிராகக் கோர்ட்டுக்கு வரும். வக்கீல் வைத்துக்கொள்ளலாம்." 1966-ல் மிராண்டா என்பவரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொண்டுவந்தது அது. காவலில் வைத்து விசாரிக்கும் முன் சொல்லியே ஆக வேண்டும்.

நம்ம ஊரில்? அப்படிச் சொல்லியாக வேண்டும் என்று போலீசுக்குப் பொதுவான விதி இல்லை. ஆனால் உரிமை மட்டும் இருக்கிறது! குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சட்டம் 20(3). ஒடிசா முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதி போலீசின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்தார். கோர்ட்டில் மட்டுமல்ல, போலீஸ் விசாரணையிலேயே அந்த உரிமை உண்டு என்று 1978-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். முதல்வராக இருந்தவருக்குத் தெரிந்திருந்தது. மாட்டுத்தாவணியில் மூட்டை இறக்குகிறவருக்கு யார் சொல்வது? எங்கள் வீட்டில் எனக்குச் சொன்னதே "போலீஸ் கேட்டா எல்லாத்தையும் சொல்லிடு" என்றுதான்.

எச்சரிக்கும் கடமை மாஜிஸ்திரேட்டுக்கு உண்டு. ஒப்புதல் வாக்குமூலம் தர வருகிறவரிடம், "தர வேண்டிய கட்டாயம் இல்லை, தந்தால் உனக்கு எதிராகப் பயன்படலாம்" என்று அவர் விளக்க வேண்டும். பழைய சட்டத்தில் 164-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டத்தில் 183. போலீசிடம் தந்த ஒப்புதலோ கோர்ட்டில் செல்லாது.

செல்லாது என்றால் அடித்துக் கேட்பது ஏன்? இங்கேதான் ஓட்டை. காவலில் இருப்பவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கிடைத்துவிட்டால், அந்தப் பொருள் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். அதனால் திருட்டு வழக்கில் "நகை எங்கே?" என்பதற்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மதுரைக்குப் பக்கத்தில் மடப்புரம் காளி கோயில் காவலாளி அஜித்குமாரிடம் 2025 ஜூனில் போலீஸ் விசாரித்ததும் காணாமல் போன நகையைப் பற்றித்தான். ஜூன் 28-ல் அவர் இறந்தார். உடலில் 44 காயங்கள் என்றது பிரேதப் பரிசோதனை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை விசாரித்தது, போலீஸ்காரர்கள் கைதானார்கள், வழக்கு சிபிஐக்குப் போனது.

ஒரு வாக்கியம் சொன்னால் அடி நின்றுவிடுமா என்று கேட்பீர்கள். நிற்காதுதான். ஆனால் கட்டாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், யார், எங்கே, எத்தனை மணிக்குச் சொன்னார் என்று எழுத வேண்டி வரும். டி.கே.பாசு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் கேட்ட காகிதங்கள் நடைமுறையில் 'கைது' என்று எழுதிய பிறகே தொடங்குகின்றன. "சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடுறோம்" என்று கூட்டிப்போகும் அந்த நேரத்துக்குத்தான் கணக்கே இல்லை. காமர்ஸ் படிக்கிறவனுக்கு இது உறுத்துகிறது. பத்து ரூபாய் செலவுக்கே வவுச்சர் கேட்கிறோமே?

அதுவரை நாமே சொல்லிக்கொள்வோம். உங்களைக் குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் கையெழுத்தும் போட வேண்டியதில்லை. வீட்டிலும் சொல்லி வையுங்கள்.