உழவு முடிந்தாலும் வைக்கோல் உண்டு

சகோதரிகளே, பாசி தின்னும் மீன் ஒன்றை வாங்கிக் கண்ணாடித் தொட்டியில் விட்டால், அது தொட்டியைச் சுத்தம் செய்துகொண்டு தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். சுத்தம் செய்யும் என்பது மெய். தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பதுதான் பொய்.

எங்கள் தஞ்சாவூர் வீட்டுக் கூடத்தில் கடல் நீர்த் தொட்டி வைத்தவன் என் பிள்ளை. வைத்த கையோடு உத்தியோகம் கிடைத்து வெளியூர் போனவனும் அவனே. மீதியைச் சொல்ல வேண்டுமா? வீட்டில் யார் எதை வாங்கி வைத்தாலும் அதைப் பராமரிக்கும் பொறுப்பு யார் தலையில் விழும் என்பது உங்களுக்குத் தெரியாத விஷயமா!

"தஞ்சாவூருக்கும் கடல் மீனுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். நமது ஜில்லாவுக்கும் கடற்கரை உண்டு அம்மா! அதிராம்பட்டினமும் மல்லிப்பட்டினமும் நம்முடையவைதானே? அங்கே பாக் விரிகுடாவில் கடலுக்கடியில் புல்வெளி இருக்கிறது. அதை மேய்கிற ஆவுளியா என்னும் கடற்பசுவுக்காக 2022-ஆம் வருஷம் 448 சதுர கிலோமீட்டர் கடலைக் காப்பகமாக அறிவித்தார்கள். நாம் குழம்பு வைக்கும் ஓரா மீன் கூடப் பாசியும் கடல் புல்லும் மேய்கிற ஜாதிதான். ஆக, வயலில் மாடு மேய்வது போலக் கடலிலும் மேய்ச்சல் உண்டு.

எங்கள் தொட்டிக்கு வந்தவன் ஓரா அல்ல. அவன் வளர்ந்தால் வீட்டுத் தொட்டி போதாது. போதாக்குறைக்குத் துடுப்பு முள்ளில் விஷம் வேறு. வந்தது பிளென்னி என்ற மீன். செங்கடல் முதல் பசிபிக் தீவுகள் வரை பவழப் பாறைகளில் வாழ்கிற இனம். ஆங்கிலத்தில் இதற்கு 'லான்மோவர்', அதாவது புல் வெட்டும் யந்திரம் என்று செல்லப் பெயர். அழகுப் போட்டியில் பரிசு வாங்காது. தவிட்டு நிறம், மேலே பட்டை பட்டையாய்த் திட்டு, மழுங்கிய மூஞ்சி, தலையில் இரண்டு குட்டிக் கொம்பு. ஆனால் பாறை மேல் உட்கார்ந்து, ஒரு கண்ணை இந்தப் பக்கமும் மறு கண்ணை அந்தப் பக்கமும் உருட்டி நம்மைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, எதிர்வீட்டுத் திண்ணைப் பாட்டி தோற்றுப் போவாள்!

முதலில் தண்ணீர். "உப்புத்தானே? வேதாரண்யத்து உப்பு நாலு படி போட்டால் போகிறது" என்றார் எங்கள் வீட்டுக்காரர். 1930-இல் ராஜாஜி அந்த உப்புக்காகத் திருச்சியிலிருந்து நடந்தே போனார். அப்பேர்ப்பட்ட உப்புத்தான், ஆனால் மீனுக்கு அது போதாது. கடல் நீரில் மக்னீஷியம், கால்ஷியம் என்று இன்னும் பல சத்துக்கள் உண்டு. உப்பளத்தில் உப்பு விளையும்போது அவற்றில் பெரும் பங்கு பிரிந்து போய்விடுகிறது. ஆகையால் தொட்டிக்கென்றே விற்கும் கடலுப்பைத்தான் கரைக்க வேண்டும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம். குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீரில் கரைப்பது உத்தமம். குழாய்த் தண்ணீரில் உள்ள சில சத்துக்கள் பாசிக்கு விருந்தாகிவிடும்.

கரைத்த உடனே மீனை விடக் கூடாது. பாலில் உறை ஊற்றினால் தயிராகக் காத்திருக்கிறோம் அல்லவா? தொட்டியிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருக வேண்டும். மீன் கழிவில் பிறக்கும் அமோனியா விஷத்தை அவைதான் மாற்றுகின்றன. இதற்கு 4 முதல் 6 வாரம் பிடிக்கும். இந்த மீனுக்கு அதற்குப் பிறகும் பொறுமை வேண்டும். பாறையில் பாசி நன்றாகப் படர்ந்த பிறகே அது வர வேண்டும்.

இன்னொன்று: தண்ணீர் வற்றினால் உப்பு வற்றாது. ரஸம் சுண்டினால் கரிப்பது ஏன்? அதே கதைதான். குறைந்த அளவுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீரையே ஊற்ற வேண்டும். சித்திரை வெயிலில் எங்கள் தொட்டிக்குத் தினமும் இது தேவைப்படுகிறது. 27 டிகிரிக்கு மேல் சூடு ஏறாதிருக்க நீரின் மேல் சிறு மின்விசிறி ஓடுகிறது. மீன் துள்ளி வெளியே விழும் சுபாவம் உள்ளதால், மேலே வலை மூடியும் உண்டு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வந்த புதிதில் நம்ம ஆள் காட்டிய சுறுசுறுப்பைப் பார்க்க வேண்டுமே! சீப்பு மாதிரி நெருங்கிய பற்களால் கண்ணாடியைச் சுரண்டிச் சுரண்டி, முத்தம் கொடுத்தது போல வட்ட வட்டமாகத் தடம் வைத்தான். மூன்றாம் மாதம் தொட்டி பளிங்காகிவிட்டது. வருகிறவர்கள் எல்லாம் பிரமாதம் என்றார்கள். நான் மட்டும் மீனின் வயிற்றைப் பார்த்தேன். முன்பு உப்பலாக இருந்தது, உள்வாங்கியிருந்தது. வேலையைச் சுத்தமாக முடித்ததற்குக் கிடைத்த கூலி பட்டினி!

தனியாக ஆகாரம் போடலாம் என்றேன். "வேலைக்கு வாங்கின மீனுக்குச் சாப்பாடு வேறா?" என்று சிரித்தார் வீட்டுக்காரர். "உங்கள் அப்பா உழவு முடிந்த மாதத்தில் மாட்டுக்கு வைக்கோல் போடாமல் இருந்தாரா?" என்று கேட்டேன். குறுவைக்கும் சம்பாவுக்கும் இழைத்த மாட்டைக் கோடையில் பட்டினி போட்ட வீடு நம் டெல்டாவில் உண்டா? அவர் பதில் பேசவில்லை. மறுநாள் ஸ்பைருலினா வில்லையோடு வந்தார்.

அதைக் கண்டதும் மீன் பாய்ந்து வந்ததென்று எண்ணாதீர்கள். உயிர்ப் பாசியில் பழகிய வாய். இரண்டு நாள் திரும்பியும் பார்க்கவில்லை. எனக்கு இரவில் தூக்கமில்லை. பிறகு நோரி என்ற காய்ந்த கடற்பாசித் தாளைச் சிறு கல்லில் சுற்றி, அவன் உட்காரும் பாறை அருகிலேயே வைத்தேன். பின் பக்கத்துக் கண்ணாடியைத் துடைக்காமல் பாசி படர விட்டேன். நான்காம் நாள் தாளின் ஓரத்தில் பல் தடம்! பேரன் முதல் வாய் சோறு உண்டபோது பட்ட சந்தோஷம்தான் அது. வெந்நீரில் வாட்டிய பசலைக் கீரையும் இப்போது உள்ளே போகிறது. வயிறு பழையபடி நிரம்பிவிட்டது.

நீங்களும் வளர்க்க ஆசைப்பட்டால் சில வார்த்தைகள். தொட்டி 120 லிட்டருக்குக் குறைய வேண்டாம். இந்த இனத்தில் ஒன்றே ஒன்று போதும். இரண்டு விட்டால் சக்களத்திச் சண்டை. வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். யூரியா அதிகமானால் வயலில் பாசி கட்டுவது போல, மிஞ்சிய தீனியும் நெடுநேர விளக்குமே தொட்டியில் பாசியை வளர்க்கின்றன. மீன் தின்ற பாசியும் கழிவாகி அதே தண்ணீரில்தான் சேர்கிறது. ஆகவே மீன் நமக்குத் துணையே தவிர, நம் வேலைக்குப் பதிலாள் அல்ல. அலங்காரத்துக்காக உயிர்ப் பவழம் வாங்காதீர்கள். நம் நாட்டுப் பவழப் பாறைகள் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. கடையில் கிடைக்கும் பீங்கான் பாறையிலேயே பாசி சம்பிரமமாகப் படரும்.

கடையில் இம்மீனை வாங்கும்போது தொட்டி எவ்வளவு அழுக்கு என்று யோசிக்காதீர்கள். அழுக்கு தீர்ந்த பிறகு அதற்கு என்ன போடுவீர்கள் என்று யோசியுங்கள். இப்படிக் கேட்டுக்கொள்ள நம்மைவிடத் தகுந்தவர் யார்? உழைப்பு உள்ள மட்டும் மதிப்பு, அப்புறம் ஓர் ஓரம் என்ற நியாயத்தை அடுக்களையில் நாம் அறியாதவர்களா என்ன!