தடை போட்டதால் திரும்பிய மீன்கள்

சபாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் குண்டாசாங்கில் கினாபாலு மலையைப் பார்த்து, காய்கறிச் சந்தையில் பை நிறைய வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அடுத்த முறை கொஞ்சம் தள்ளிப் போங்கள். ரானாவ் பட்டணத்தைத் தாண்டிச் சண்டாக்கான் செல்லும் சாலையில் இருக்கிறது கம்போங் லுவாந்தி. அதன் ஓரமாக ஓடுகிறது மோரோலி ஆறு.

ஆற்றில் இறங்கி நின்றால் பெரிய பெரிய மீன்கள் கூட்டமாக வந்து பாதத்தைக் கொறிக்கும். வலிக்காது, கூசும். பேரங்காடித் தொட்டிகளில் பார்க்கும் பொடி மீன்கள் அல்ல இவை. உள்ளூரில் 'பெலியான்' என்கிறார்கள். தீபகற்பத்தில் 'கெலா' என்று நல்ல விலைக்குப் போகும் மீனின் இனம். பிடித்துத் தின்ன ஆசைப்படும் மீன், மனிதனைக் கண்டு ஓடாமல் நிற்பது எப்படி?

அதற்குக் காரணம் 'தாகால்'. கடாசான்டூசுன் மொழியில் 'தடை' என்று பொருள். ஊரார் கூடி ஆற்றைப் பகுதி பிரிக்கிறார்கள். சிவப்புப் பகுதியில் எப்போதும் மீன் பிடிக்கக் கூடாது. மஞ்சள் பகுதியைக் குறித்த காலத்தில் மட்டும் திறப்பார்கள். பச்சைப் பகுதியில் விதிப்படி பிடிக்கலாம். மீறினால் 'சோகிட்' எனும் ஊர்வழக்கு அபராதம் உண்டு. பழைய வழக்கம்தான், 2003-இல் வந்த சபா மாநில மீன்வளச் சட்டம் அதற்குப் பலம் சேர்த்தது.

ஒரு கம்பம் செய்ததைப் பார்த்து அடுத்த கம்பமும் தொடங்க, இன்று சபாவில் நூற்றுக்கணக்கான இடங்களில் தாகால் உண்டு. சரவாக்கில் இதற்கு 'தாகாங்' என்று பெயர்.

இப்படிப் பரவியது நல்ல மனத்தால் மட்டுமல்ல, தேவையாலும்தான். மீனுக்குக் கம்பத்தின் எல்லை தெரியாது. மேலாற்றில் ஒருவர் விஷம் கலந்தால், கீழே இருப்பவர்கள் இரவெல்லாம் காவல் இருந்தும் பயனில்லை. அதனால் தெரிந்ததைப் பக்கத்து ஊருக்குச் சொல்லிக்கொடுப்பது தன் ஆற்றைக் காப்பதற்கும் வழி.

ஆனால் அறிவிப்புப் பலகையை ஒரே நாளில் நகல் எடுத்து நட்டுவிடலாம். ஊர் ஒற்றுமையை அப்படி எடுத்துப்போக முடியாது. யார் காவல் இருப்பது, பிடித்த மீனை எப்படிப் பங்கிடுவது, விதியை மீறியவர் சொந்தக்காரர் என்றால் என்ன செய்வது? இவற்றுக்கு ஒவ்வோர் ஊரும் தானே உட்கார்ந்து பேசி முடிவு காண வேண்டும்.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு போனால், மீனைக் கையால் பிடிக்க விடாதீர்கள். காலில் களிம்பு, கொசு மருந்து எதுவும் வேண்டாம். படம் எடுத்து முடித்ததும், "இதை எப்படி ஆரம்பித்தீர்கள்?" என்று அங்கிருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நம் குடியிருப்புச் சங்கக் கூட்டங்களுக்கும் அந்தப் பதில் உதவும்.