டிக்கியில் தூங்கிய சிவப்புப் பை

"சமையல் குறிப்பு எழுது, கோலம் போட்டு அனுப்பு, யார் வேண்டாமென்றது? கார் சாமான் பற்றி எழுத உனக்கு என்ன தெரியும்?" என்று இவர் கேட்கிறார். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு ராத்திரியில் நடுரோட்டில் கற்ற பாடம்தான். ஆனால் அந்தப் பாடத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவே கொடுத்துவிட்டேன். அதனால் எழுதத்தான் போகிறேன்.

2022 தீபாவளி சமயம். போனில் தள்ளுபடி விற்பனையை மேய்ந்துகொண்டிருந்தபோது ஒரு சிவப்புப் பை கண்ணில் பட்டது. காருக்கான அவசர உதவிப் பையாம். 21 பொருள்கள், விலை 1,499 ரூபாய். அதற்கு முந்தைய வருஷம்தான் இவருக்கு இடுப்பில் டிஸ்க் தொந்தரவு வந்து, கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வண்டி ஓட்டலாம், குனிந்து டயர் கழற்றக் கூடாது. நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போய் வருகிறோமே, ஆபத்துக்கு ஒன்று இருக்கட்டும் என்று வாங்கிவிட்டேன்.

வந்ததும் கூடத்தில் பரப்பி வைத்து எண்ணிப் பார்த்தேன். காற்றடிக்கிற குட்டி பம்ப், பாட்டரிக்குப் பாட்டரி இணைக்கும் கேபிள், வண்டி இழுக்கும் கயிறு, மடக்கு ஸ்பேனர், டார்ச், சிவப்பு முக்கோணம், ஒளிரும் மேல்சட்டை, கையுறை, கண்ணாடி உடைக்கும் சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர். ஆயிற்று பத்து. பையையும் ஒரு பொருளாகச் சேர்த்து, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி பத்தையும் தனித்தனியாக எண்ணினால் சரியாக 21 வருகிறது! "நல்ல கணக்கும்மா" என்று என் பையன் சிரித்தான். மறுபடி பையில் அடைத்து டிக்கியில் வைத்ததோடு சரி. மூன்று மாதம் அது அங்கேயே தூங்கியது.

2023 பொங்கல் முடிந்து திருச்சியிலிருந்து சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான், இவர், காலேஜில் படிக்கும் பெண், பத்தாவது படிக்கும் பையன், கூடவே என் மாமியார். அவருக்கு 74 வயது, பதினைந்து வருஷமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். உளுந்தூர்பேட்டை தாண்டும்போது மணி எட்டு. "விழுப்புரத்தில் சாப்பிட்டுவிடலாம் அம்மா, இன்னும் அரை மணிதான்" என்றார் இவர். அந்தப் பேச்சை நம்பி அத்தை வண்டியிலேயே ஊசியைப் போட்டுக்கொண்டுவிட்டார். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். 'டப்' என்று ஒரு சத்தம். வண்டி தடதடவென்று ஆடிற்று. இடது பக்கம் பின் டயர்.

இவர் பதறாமல் ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினார். லாரிகள் பறக்கிற வேகத்தில் நின்ற வண்டியே அசைந்தது. முதல் காரியமாக எல்லோரும் இடது பக்கமாக இறங்கி, ரோட்டோர இரும்புத் தடுப்புக்கு அப்பால் போர்வையை விரித்து உட்கார்ந்தோம். இதை மட்டும் அன்று யோசித்துச் செய்தோம். வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது எவ்வளவு ஆபத்து என்று அந்த ரோட்டில் ஐந்து நிமிஷம் நின்றால் தெரியும்.

நான் வீராவேசமாகச் சிவப்புப் பையைத் திறந்தேன். முக்கோணத்தைப் பின்னால் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினேன். அடுத்த லாரி போன காற்றில் அது குப்புற விழுந்தது. காகிதம் மாதிரி கனம். கால்களின் மேல் இரண்டு கருங்கல்லை வைத்த பிறகுதான் நின்றது. டார்ச் ஐந்து நிமிஷம் மஞ்சளாக எரிந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. பெண் தன் போன் வெளிச்சத்தைக் காட்டினாள்.

ஸ்டெப்னியை வெளியே எடுத்தால், அது பாதி செத்த தவளை மாதிரி அமுங்குகிறது. வண்டி வாங்கி ஆறு வருஷமாக யாரும் அதைத் தொட்டதில்லை. இதற்குப் பையின்மேல் பழி போட முடியாது. எங்கள் குற்றம்தான். குட்டி பம்பை எடுத்து, சிகரெட் பற்றவைக்கிற துளையில் சொருகினோம். கடகடவென்று சத்தம். எட்டு நிமிஷத்தில் ரப்பர் கருகுகிற வாசனை வர, இவர் பிடுங்கிவிட்டார். ஆறவிட்டு மறுபடி போட்டோம். முள் 26 காட்டியது. மெல்ல ஓட்டிப் போக அது போதும் என்றார் இவர். அந்த ராத்திரியில் அந்த மலிவு பம்ப் கைகொடுத்தது என்பதை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

வினை வந்தது ஸ்பேனரில். காரோடு வந்த ஸ்பேனர் துருப்பிடித்து அழுக்காக இருந்ததால், பளபளவென்று இருந்த மடக்கு ஸ்பேனரை எடுத்து முதல் நட்டில் மாட்டி, பலத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினேன். வழுக்கிற்று. என் விரல் முட்டி தரையில் உரசித் தோல் போயிற்று. பார்த்தால், ஸ்பேனரின் வாய் அகண்டு, நட்டின் முனைகளும் மழுங்கிவிட்டன. பிறகுதான் பழைய ஸ்பேனரை எடுத்தோம். டயர் கடையில் காற்று இயந்திரம் வைத்து முடுக்கிய நட்டு, பெண்பிள்ளை கைக்கு அசையுமா? பையன் தடுப்பைப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரின் மேல் ஏறி நின்று குதித்தான். மூன்று நட்டு இளகியது. நான் கெடுத்த நாலாவது மட்டும் அப்படியே இருந்தது.

அப்போதுதான் பெண், "அம்மா, பாட்டியைப் பாரேன்" என்றாள்.

தை மாதக் குளிரில் அத்தைக்கு முகமெல்லாம் வியர்வை. கை நடுங்குகிறது. "என்ன அத்தை?" என்றால் வார்த்தை குழறுகிறது. மணி ஒன்பதாகப் போகிறது. ஊசி போட்டும் சாப்பாடு இல்லை. சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. 21 பொருள் இருக்கிற பையில் ஒரு கரண்டி ஜீனி இல்லை! அத்தைக்காக எங்கள் வீட்டில் யாருமே தித்திப்பு எடுத்து வருவதில்லை. பிளாஸ்கில் வெந்நீர் இருக்கிறது, சர்க்கரையில்லாத பிஸ்கட் இருக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"திட்டாதேம்மா" என்று பையன் தன் பையிலிருந்து ஒரு மாம்பழ ஜூஸ் பாட்டிலை எடுத்தான். எனக்குத் தெரியாமல் உளுந்தூர்பேட்டையில் வாங்கிப் பதுக்கியது. விழுங்க முடிகிறதா என்று பார்த்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் செய்தோம். கால் மணியில் வியர்வை அடங்கியது. "ஏம்மா, டயர் மாட்டியாச்சா?" என்று கேட்டார் பாருங்கள், அந்தக் குரலைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பிறகு பிஸ்கட்டையும் கொடுத்தோம். (நினைவு தப்பிப் போகிற நிலையில் இருப்பவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும் என்று எங்கள் டாக்டர் பிற்பாடு எச்சரித்தார்.)

காப்பீட்டுக்காரர்களின் உதவி எண்ணில் ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணுக்கு அழைத்து உதவி கேட்கலாம் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. முட்டைக்கோஸ் ஏற்றி வந்த ஒரு குட்டி யானைதான் எங்களைப் பார்த்து நின்றது. ஓட்டி வந்த பையனுக்கு இருபத்தைந்து வயசுகூட இருக்காது.

"என்னக்கா, நட்டு ராவிருச்சா?" என்றான். தன் வண்டியிலிருந்து கொஞ்சம் சின்ன அளவு ஸ்பேனரை எடுத்து, அந்த மழுங்கிய நட்டின் மேல் வைத்துச் சுத்தியலால் அடித்து இறக்கினான். அதன் பிடியில் இரண்டடி இரும்புக் குழாய் ஒன்றைச் சொருகி, ஒரே அழுத்து. 'டக்' கென்று நட்டு இளகிவிட்டது. மண் இளக்கமாக இருக்கிறதென்று ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகையை வைத்தான். எதிர்ப் பக்கச் சக்கரத்துக்குக் கல் கொடுத்தான். கழற்றிய டயரை வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டான். "ஜாக்கி நழுவினாலும் வண்டி இது மேலதான் உக்காரும் சார்" என்றான். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டான். எங்கள் சிவப்புப் பையை எட்டிப் பார்த்து, கேபிளைக் கையில் எடுத்து, "அக்கா, இது துணி காயப்போடத்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

விழுப்புரத்தில் காற்றுப் பிடிக்கும்போது பார்த்தால், எங்கள் பம்ப் 26 என்று காட்டிய காற்று உண்மையில் 22 தான்.

அடுத்த வாரம் பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் முதலில் அந்தக் கேபிளைத்தான் எடுத்தார். வெளியே விரல் பருமன் ரப்பர். உள்ளே நூல் மாதிரிக் கம்பி. பிளேடால் சுரண்டினார், செம்பு நிறம் போய் வெள்ளை தெரிந்தது. அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு! நம் இஸ்திரிப் பெட்டி நாலைந்து ஆம்பியர் மின்சாரம்தான் எடுக்கும், காரைக் கிளப்புகிற மோட்டாரோ நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்றார். அந்த நூலில் அவ்வளவு பாய்ந்தால் ரப்பர் உருகிப் போகும், வண்டியும் கிளம்பாது. கயிறு அதைவிட மோசமாம். இழுக்கும்போது அறுந்தால் கொக்கி கவண்கல் மாதிரிப் பறந்து வரும், பேசாமல் இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள் என்றார்.

அன்றிலிருந்து நான் வைத்துக்கொண்ட கணக்கு இதுதான். பாரம் தாங்குவது, முறுக்குவது, மின்சாரம் பாய்வது, இவற்றில் மலிவு பார்ப்பது குக்கருக்கு மட்ட ரக வால்வு போடுகிற மாதிரி. வெறுமனே கண்ணில் பட வேண்டிய சாமான் மலிவாக இருந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஒளிரும் சட்டையும் கையுறையும் இன்னும் அந்தப் பையில் வந்தவைதான். முக்கோணத்தையும் வைத்திருக்கிறேன், கூடவே இரண்டு செங்கல். சுத்தியலை டிக்கியிலிருந்து எடுத்து டிரைவர் சீட்டுப் பக்கம் வைத்தேன். கதவு திறக்காமல் உள்ளே மாட்டிக்கொண்டவருக்கு டிக்கியில் சுத்தியல் இருந்து என்ன பயன்? அதுவும் பக்கவாட்டுக் கண்ணாடிக்குத்தான், முன் கண்ணாடி அதற்கு உடையாது.

வாங்கியவற்றின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நாலு முனையும் நாலு அளவாக இருக்கும் கூட்டல் குறி ஸ்பேனர் 550 ரூபாய், இரும்புக் கடையில் குழாய் 120, கனமான செம்புக் கேபிள் 1,150, காற்று அளக்கும் கருவி 350, தலையில் மாட்டிக்கொள்ளும் டார்ச் 300. ஆக 2,470. பையை விட 971 ரூபாய் அதிகம். முதலிலேயே கேட்டு வாங்கியிருந்தால் 1,499 மிச்சம்! பலகைத் துண்டு, தச்சர் சும்மா கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் நானும் பெண்ணும் டயர் மாற்றிப் பழகினோம். வாட்ச்மேன் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டை இளக்கிவிட வேண்டும், தூக்கியபிறகு முயன்றால் சக்கரம் சுற்றும் என்பதை அங்கேதான் கற்றேன். கேபிள் மாட்டுகிற வரிசையை மெக்கானிக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். முதலில் செத்த பாட்டரியின் பிளஸ்ஸில் சிவப்பு, அதன் மறுமுனை நல்ல பாட்டரியின் பிளஸ்ஸில், அப்புறம் நல்லதின் மைனஸில் கறுப்பு, கடைசி முனையைச் செத்த வண்டியின் பாட்டரியில் மாட்டாமல், எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில் கவ்வ வேண்டும். பாட்டரியிலிருந்து தீப்பிடிக்கிற வாயு வருமாம், அங்கே பொறி பறக்கக் கூடாது. அந்தக் காகிதத்தைக் கேபிளோடேயே கட்டி வைத்திருக்கிறேன்.

மாதம் ஒரு தடவை, மளிகை லிஸ்ட் எழுதுகிற அன்று ஸ்டெப்னிக்கும் காற்றுப் பார்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. (இந்த ஸ்டெப்னி என்ற பெயர் வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரிலுள்ள ஒரு தெருவின் பெயர். 1904-இல் இரண்டு சகோதரர்கள் அங்கேதான் மாற்றுச் சக்கரம் செய்ய ஆரம்பித்தார்கள். என் பெண் சொன்னாள்.) டயரின் பக்கத்தில் நாலு இலக்கத்தில் ஒரு தேதி இருக்கிறது. 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆம் வாரம் செய்தது. மாத்திரைப் பட்டையில் தேதி பார்க்கிற நமக்கு இதுவா கஷ்டம்?

டிக்கியில் வைக்காத ஒரு டப்பாவும் உண்டு. அத்தையின் மடியருகே இருக்கும். அதில் குளுக்கோஸ், ஒரு பாட்டில் ஜூஸ், பிஸ்கட். சாப்பாடு இலையில் விழுந்தபிறகுதான் ஊசி என்று அவரும் சத்தியம் செய்திருக்கிறார்.

போன மாதம் மூன்றாவது மாடிப் பெண், கைக்குழந்தைக்காரி, ஓடி வந்தாள். "அக்கா, நீங்க வாங்கின மாதிரியே ஒரு பை வாங்கிட்டேன். ஸ்டெப்னி எங்க இருக்குன்னு காட்டுங்களேன்" என்றாள். அவர்கள் புது வண்டியின் டிக்கி விரிப்பைத் தூக்கினோம். ஸ்டெப்னியே இல்லை! டயரில் காற்றுக் குறைந்தால் அறிவிக்கிற வசதியும், ட்யூப் இல்லாத டயரும், பஞ்சர் அடைக்கிற சாமானும் இருந்தால் ஸ்டெப்னி தராமலே கார் விற்கலாம் என்று 2020-இல் விதியை மாற்றிவிட்டார்களாம். உள்ளே ஒரு பம்பும் பசைக் குப்பியும் இருந்தன. ஆணி குத்தின ஓட்டையை அந்தப் பசை அடைக்கும். எங்களுக்குக் கிழிந்த மாதிரிக் கிழிந்தால் அடைக்காது. குப்பியைத் திருப்பித் தேதி பார்த்தோம். இன்னும் ஒரு வருஷம் இருந்தது. "உதவி நம்பர் எல்லாம் போனில் போட்டுக்கொள்" என்று சொல்லி, அவள் வாங்கின பையைக் கூடத்தில் கொட்டி, இருவருமாக முதலில் கேபிளைச் சுரண்டிப் பார்த்தோம்.