தலையில் கரகம், தூளியில் குழந்தை

நாட்டுப்புற ஆட்டக்கலைகளைப் பற்றிய தமிழ் நூல்கள், அக்கலைகளின் தோற்றம், வகைகள், இசைக்கருவிகள், ஒப்பனை ஆகியவற்றை விரிவாகவே பதிவு செய்திருக்கின்றன. ஆனால் இரவு 10 மணிக்குக் களத்தில் இறங்கி விடியும்வரை ஆடும் பெண், அந்த நேரத்தில் தம் குழந்தையை யாரிடம் விட்டு வந்திருக்கிறார் என்ற கேள்வி அப்பதிவுகளில் அரிதாகவே எழுகிறது. கரகாட்டத்தைத் தொழிலாகக் கொண்ட பெண்களைப் பொறுத்தவரை இது கலைக்குப் புறத்தே நிற்கும் வீட்டு விவகாரம் அன்று. எந்த ஊர் ஆட்டத்தை ஒப்புக்கொள்வது, எத்தனை வயதுவரை ஆடுவது, மகளுக்குக் கலையைக் கற்றுத் தருவதா வேண்டாமா என்பன யாவற்றையும் தீர்மானிப்பது இந்தக் கேள்வியே.

திண்டுக்கல் மாவட்டத்தில் பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்திருக்கும் கன்னிவாடி, நாயக்கர் காலத்தில் பாளையமாக இருந்து இன்று பேரூராட்சியாக விளங்கும் ஊர். இவ்வட்டாரத்துத் திருவிழாக்களைக் களத்தில் நின்று பார்க்கும்போது, ஆட்டம் என்ற ஒரே சொல்லுக்குள் இருவேறு உலகங்கள் இருப்பது புலப்படும். முளைப்பாரியைச் சுற்றிக் கும்மி கொட்டும் பெண்கள் தம் ஊரில், தம் தெருவில், தம் சாமிக்காக ஆடுகிறார்கள். இடுப்புக் குழந்தை அழுதால் பக்கத்து வீட்டுக்காரி வாங்கிக்கொள்வாள், தாய் ஒரு சுற்று விட்டு மறுசுற்றில் சேர்ந்துகொள்வாள். இராஜகம்பள நாயக்கர் சமூகத்து ஆண்கள் உறுமியின் தாளத்துக்கு ஆடும் தேவராட்டமும் சொந்த உறவுக்குள் நிகழ்வதே. இவ்வாட்டங்களில் பிள்ளை வளர்ப்பு ஒரு சிக்கலாகவே தலைதூக்குவதில்லை. கூலிக்கு அழைக்கப்பட்டு, முன்பின் அறியாத ஊரில், அறியாத மக்கள் நடுவே ஆடும் கரகாட்டப் பெண்ணுக்குத்தான் அது சிக்கலாகிறது. ஆட்டம் தொழிலாக மாறும் இடத்தில் தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே ஒரு வேன் பயணத்தின் தொலைவு விழுகிறது.

கரகம் இருவகைப்படும். நீர் நிரப்பி வேப்பிலையும் பூவும் சூட்டிச் சாமியாகவே கருதி எடுத்துவரப்படுவது சக்திக்கரகம். கலையாக ஆடப்படுவது ஆட்டக்கரகம். பின்னதற்குப் பயன்படும் பித்தளைச் செம்பில், நிலைகொள்ளும் எடைக்காக அரிசியோ மணலோ இட்டு, மேலே பூக்கூம்பு போன்ற அலங்காரத்தைப் பொருத்தி, அதன் உச்சியில் சுழலும் கிளிப்பொம்மை ஒன்றை வைப்பர். ஆடுபவர் கரகத்தைக் கையால் தொடுவதில்லை. முழங்கால் மடிந்தாலும் இடுப்பு ஒடிந்தாலும் கழுத்து மட்டும் அசையாத் தூணாக நிற்க வேண்டும். தாம்பாளத்தின் விளிம்பில் நின்று ஆடுவதும், ஏணிமேல் ஏறி ஆடுவதும், தரையில் கிடக்கும் ஊசியைக் கண்ணிமையால் எடுப்பதும் பல ஆண்டுப் பயிற்சியால் மட்டுமே கைகூடும். நாதசுரம், தவில், பம்பை, உறுமி, தமுக்கு முதலியன சேர்ந்த நையாண்டி மேளம் இதற்குப் பக்கவாத்தியம். ஆட்டக்காரர், மேளக்காரர், கோமாளி ஆகிய அனைவரும் சேர்ந்த குழுவை இப்பகுதியில் ‘செட்டு’ என்பர். ஊர்க்காரர்கள் வந்து செட்டைப் பேசி முன்பணமாகக் கொடுப்பது ‘அச்சாரம்’ எனப்படும். அச்சாரம் வாங்கிய நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் ஆட்டத்துக்குப் போயே ஆக வேண்டும் என்பது இத்தொழிலின் எழுதப்படாத சட்டம்.

குடத்தோடு ஆடும் ஆட்டத்துக்குத் தமிழில் நெடிய மரபு உண்டு. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய 11 ஆடல்களுள் குடக்கூத்தும் ஒன்று. வாணாசுரன் சிறைவைத்த தன் பேரன் அநிருத்தனை மீட்பதற்காகக் கண்ணன் அந்நகரத்து வீதியில் ஆடிய கூத்து அது என்று மரபு கூறும். குடமாட்டத்தின் தொன்மக் கதையே ஒரு பிள்ளையை மீட்க ஆடிய கதையாக இருப்பது கவனத்துக்குரியது. மாதவியும் ஒரு தாயே. மகள் மணிமேகலையைத் தன் தொழிலுக்குள் விடுவதில்லை என்று அவள் முடிவெடுத்ததும், அவளுடைய தாய் சித்திராபதி அதை எதிர்த்ததும் மணிமேகலைக் காப்பியத்தின் போக்கையே வகுக்கின்றன. தாய், மகள், பேத்தி என்ற மூன்று தலைமுறைக்கு இடையே தொழில் குறித்து எழுந்த அந்த வழக்கு இன்றைய கரகாட்டக் குடும்பங்களிலும் தீர்ந்தபாடில்லை.

இத்தொழிலில் தாய்மைக்கு நேரும் முதல் இடையூறு நாட்காட்டியே. ஆட்டத்துக்குரிய காலம் பெரும்பாலும் தை தொடங்கி ஆடிவரை நீள்கிறது. பங்குனி, சித்திரை, வைகாசி ஆகிய மூன்றும் உச்ச மாதங்கள். இந்தப் பங்குனியில்தான் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகள் நடக்கின்றன. பிள்ளை விடிய எழுந்து படிக்க வேண்டிய நாட்களில், எழுப்பிவிடவும் ஒரு தம்ளர் காப்பி போட்டுக் கொடுக்கவும் தாய் வீட்டில் இருப்பதில்லை. வேறு மாவட்டத்து ஊரொன்றில் அவர் அப்போதுதான் சலங்கையை அவிழ்த்துக்கொண்டிருப்பார். ஆனியில் பள்ளி திறக்கும்போது சேர்த்து வைத்த கூலி நோட்டுக்கும் சீருடைக்கும் கட்டணத்துக்கும் போய்விடும். ஐப்பசி முதல் மார்கழிவரை மழையும் பனியும் ஆட்டத்தை நிறுத்திவிடுவதால், களை எடுப்பும் பருத்தி எடுப்பும் நூறு நாள் வேலையுமே சோறு போடும். கையில் காசு இருக்கும் மாதங்களில் தாய் வீட்டில் இல்லை. தாய் வீட்டில் இருக்கும் மாதங்களில் கையில் காசு இல்லை. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது, பங்குனித் திருவிழாக்கள் தொடங்கும் வேளையில். அடுத்த ஆண்டும் இரண்டாம் அலை கோடையிலேயே வந்து சேர்ந்தது. ஆண்டு முழுவதற்குமான வருவாய் ஈட்டும் பருவம் அடுத்தடுத்து இருமுறை பறிபோன தொழில்களுள் இதுவும் ஒன்று.

ஆட்ட நாளின் நடைமுறையை அருகிருந்து பார்த்தால் இச்சிக்கலின் உள்ளீடு விளங்கும். பிற்பகலிலேயே சோறு ஆக்கி வைத்து, பிள்ளைக்குத் தலை சீவிப் பின்னலிட்டு, மறுநாள் பள்ளிக்குரியவற்றை எடுத்து வைத்துவிட்டுத்தான் ஆட்டக்காரப் பெண் வேனில் ஏறுகிறார். விழா நடக்கும் ஊரில் ஒப்பனைக்கென்று ஒதுக்கப்படும் இடம் பெரும்பாலும் பள்ளிக்கூட வராந்தாவாகவோ கோயில் மடமாகவோ கீற்றுத் தடுப்பாகவோதான் இருக்கும். முகத்தில் ஒப்பனை ஏறிக்கொண்டிருக்கும்போதே தோளுக்கும் காதுக்கும் இடையே கைபேசி இருக்கும். சாப்பிட்டதா, தூங்கிவிட்டதா, காய்ச்சல் விட்டதா என்ற மூன்று கேள்விகளுக்குள் அந்த உரையாடல் முடிந்துவிடும். பிறகு சும்மாடு வைத்தாற்போல் தலைமுடியை இறுக்கிக் கட்டி, கரகத்தை ஏற்றிக்கொண்டு அவர் வெளிச்சத்துக்கு வருகிறார். பார்வையாளர்களின் கண்ணுக்குத் தெரிவது அந்த வெளிச்சம் மட்டுமே.

கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணின் நிலை இன்னும் கடினமானது. கருவுற்றிருப்பது வெளியே தெரியும்வரை ஆடுவதும், பிரசவத்துக்குப் பின் உடல் தேறுவதற்குள் அடுத்த பருவம் வந்துவிட்டதே என்று களத்துக்குத் திரும்புவதும் வறுமையால் நேர்பவை. பால்குடி மறவாத குழந்தையை உடன் அழைத்துச் செல்வதானால் கூடவே ஒரு மூத்த பெண்ணும் வர வேண்டும். பந்தலுக்குப் பின்னால் வேப்பங்கிளையிலோ வேனின் கம்பியிலோ பழைய சேலையால் தூளி கட்டிக் குழந்தையைக் கிடத்துகிறார்கள். முப்பதடி தொலைவில் தவில் முழங்குகிறது. கோமாளி மேடையைப் பிடித்துக்கொண்டு பேச்சை வளர்க்கும் கால் மணி நேரத்தில் தாய் ஓடிவந்து, சரிகை உடையின் மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு பால் கொடுத்துவிட்டுப் போகிறார். அந்தக் கால் மணி நேரத்தைக் கோமாளி நீட்டித் தருவது செட்டுக்குள் இருக்கும் மனித நேயம். எந்த ஒப்பந்தத்திலும் அது இல்லை.

தூளியை ஆட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் அந்த மூத்த பெண்தான் இக்கட்டுரையின் மையம் எனலாம். பெரும்பாலும் ஆட்டக்காரரின் தாயாகிய அவர், சில குடும்பங்களில் முன்னாள் ஆட்டக்காரரும்கூட. செட்டின் கணக்கில் மேளக்காரருக்குப் பங்கு உண்டு, கோமாளிக்குப் பங்கு உண்டு, வேனுக்கு வாடகை உண்டு. பாட்டிக்கு எதுவும் இல்லை. கணவரே நாதசுரமோ தவிலோ வாசிப்பவராக இருக்கும் குடும்பங்களில் தாய் தந்தை இருவருமே இரவில் வெளியே இருப்பதால், பாட்டி இல்லையென்றால் ஆட்டமே இல்லை என்ற நிலை. அவர் படுக்கையில் விழும் நாளில் ஒரு கலைஞரின் தொழில் வாழ்வு முடிந்துவிடுகிறது. அந்த முடிவைக் கலை வரலாறு ‘ஆர்வக் குறைவு’ என்று தவறாக எழுதிக்கொள்கிறது.

ஆடற்கலையின் உயர்ந்த பீடத்திலும் இதே உண்மையைக் காண முடியும். 1918இல் பிறந்த பரதக் கலைஞர் த. பாலசரஸ்வதி, வீணை தனம்மாளின் பேத்தி. தாய் ஜெயம்மாள் அவருடைய ஆட்டத்துக்குப் பல்லாண்டுகள் பாடினார். 1943இல் பிறந்த மகள் லட்சுமியும் ஆடற்கலைஞரானார். பாட்டி, தாய், மகள் என்று தாய்வழியில் அமைந்த அத்தகைய வீட்டில் குழந்தை வளர்ப்பும் கலைப்பயிற்சியும் ஒரே கூரையின்கீழ் நடந்தன. அம்மரபோடு பிணைந்திருந்த கோயில் அர்ப்பணிப்பு முறை பெண்களைச் சுரண்டியது என்பதால் 1947ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்தது, அது சரியே. ஆயினும் ஆடும் தாயின் பிள்ளையைத் தாங்கிப் பிடித்த அந்த வீட்டு ஏற்பாட்டுக்கு மாற்றாக எதையும் சமூகம் உருவாக்கித் தரவில்லை என்பதும் உண்மையே. கரகாட்டப் பெண்ணுக்கு எஞ்சியிருப்பது அந்த ஏற்பாட்டின் சிறு துண்டாகிய பாட்டி ஒருவர்தான்.

சட்டங்கள் இவரைத் தேடி வருவதில்லை. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தில் 12 வாரமாக இருந்த சம்பளத்துடன் கூடிய விடுப்பு, 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 26 வாரமாக உயர்ந்தது. 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் கட்டாயமாயிற்று. ஆனால் அவ்விடுப்பைப் பெற ஒரு முதலாளி வேண்டும், அவரிடம் 80 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். ஒவ்வோர் இரவும் வேறோர் ஊரின் விழாக் குழுவே முதலாளியாக இருக்கும் தொழிலில் யாரிடம் விடுப்புக் கேட்பது? பாரிஸ் ஓப்பெராவின் பாலே நடனக் கலைஞர்கள் மாதச் சம்பளக்காரர்கள். 42 வயதில் ஓய்வூதியத்துடன் விடைபெறுகிறார்கள். கரகாட்டப் பெண்ணுக்கும் ஏறத்தாழ அந்த வயதில்தான் அழைப்புகள் குறைகின்றன. ஓய்வூதியம் மட்டும் இல்லை. 2007இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித் தொகை வழங்குவது பெரும் ஆறுதல். பேறுகாலத்தில் ஏழைப் பெண்களுக்குக் கிடைக்கும் அரசு உதவி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் வழங்கப்படுகிறது. ஆடல் பாடல் மரபில் வந்த சந்திரம்மாளின் மகள் அவர் என்பதை அறியும்போது, அந்த உதவியைக் கைநீட்டி வாங்கும் ஆட்டக்காரப் பெண்ணுக்கு அது அந்நியர் தரும் கொடையாகத் தோன்றாது.

பணத்தைக் காட்டிலும் ஆறாத புண் பெயர்தான். 1989இல் வெளிவந்த ‘கரகாட்டக்காரன்’ திரைப்படம் இக்கலையைத் தமிழகம் முழுவதும் கொண்டாட வைத்தது. ஆனால் அப்பெயரின் பெண்பால் வடிவம் ஊர்வழக்கில் வசைச்சொல்லாகவே நீடிக்கிறது. இரட்டைப் பொருள் வசனமும் அரைகுறை உடையும் கேட்டு வாங்கும் கூட்டமே, மறுநாள் அந்தப் பெண்ணின் மகனைப் பள்ளியில் கேலி செய்யும் பிள்ளைகளை வளர்க்கிறது. பள்ளிப் படிவத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று எழுதச் சொல்லும் தாய், தம் கலையை வெறுத்து அப்படிச் செய்யவில்லை. பிள்ளைக்கு ஒரு கேடயம் செய்து தருகிறார். மகளைச் செட்டில் சேர்க்காமல் படிக்க வைப்பதும் அதே காரணத்தால்தான். மாதவி எடுத்த முடிவை இன்று பல தாய்மார்கள் எடுக்கிறார்கள். சித்திராபதிகளும் மறுக்காமல் ஒப்புக்கொள்கிறார்கள். கலை அழிகிறதே என்று வருந்துவோர், அத்தாய்மார்களைக் குறைசொல்ல எவ்வகை உரிமையும் உடையவர் அல்லர்.

ஆகவே கோரிக்கை அரசுக்கு மட்டும் உரியதன்று, கன்னிவாடியிலும் அதைப் போன்ற ஊர்களிலும் திருவிழா எடுக்கும் ஒவ்வொரு விழாக் குழுவுக்கும் உரியது. அடுத்த முறை செட்டுப் பேசி அச்சாரம் கொடுக்கும்போது, தாழ்ப்பாள் உள்ள கதவோடு ஓர் அறையையும், தூளி கட்ட ஒரு விட்டத்தையும், பால் காய்ச்ச ஓர் அடுப்பையும் சேர்த்துப் பேசுங்கள். பேசிய நேரத்துக்கு ஆட்டத்தை முடித்து, பேசிய கூலியை விடியும் முன்பே எண்ணிக் கையில் கொடுங்கள். பள்ளி மணி அடிப்பதற்குள் அவர் வீடு போய்ச் சேர வேண்டும்.