உக்கடத்துல வித்த புத்தகம்

நேத்து மாட்டுக்குத் தட்டு அறுத்துப் போட்டுட்டு வரப்புல உக்காந்திருந்தப்ப ஹாஸ்டல்ல இருந்து பொண்ணு போன் பண்ணுனா. "அப்பா, ஆப்டிக்ஸ் புக்கு புதுசு வெலை ஜாஸ்தியா இருக்குது. சீனியர் அக்கா ஒருத்தங்க பழசைப் பாதி வெலைக்குத் தர்றாங்க, வாங்கிக்கட்டுமா?"

"யாரு எழுதுன புக்கு கண்ணு?"

"பிரிஜ்லால் சுப்ரமணியம்."

வாங்கிக்கன்னு சொல்லிப் பணத்தைப் போட்டு உட்டுட்டேன். அப்பறம் வேலையே ஓடல.

இப்ப அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்குப் பன்னெண்டாவது வரைக்கும் புத்தகம் இலவசமாக் கெடைக்குது. நாங்க காசு குடுத்துத்தான் வாங்குனோம். முழுப் பரீட்சைக்கு முன்னாலயே மேல் கிளாஸ் அண்ணன்மாருகிட்டச் சொல்லி வெச்சரணும். அட்டை கிழியாம இருந்தா பாதி வெலை, மூணாவது கை மாறுனா கால் வெலை. மொதப் பக்கத்துல இருக்கற பேரை அடிச்சுட்டு நம்ம பேரை எழுதிக்குவோம்.

கோயமுத்தூர்ல பி.எஸ்சி. பிசிக்ஸ் சேந்த பின்னாலதான் உக்கடம் பழக்கமாச்சு. பொள்ளாச்சி பஸ் வந்து நிக்கறதே அங்கதான், பழைய புத்தகக் கடைகளும் அங்கதான். எழுதுனவரு பேரைச் சொன்னாப் போதும், கடைக்காரரு அட்டியா அடுக்குனதுக்கு நடுவால இருந்து உருவிக் குடுப்பாரு. அவசரப்பட்டுக் காசை நீட்டக் கூடாது. எந்த வருசப் பதிப்புன்னு பாக்கணும், பக்க நம்பரைத் தள்ளித் தள்ளிப் பாக்கணும். ஒருக்காப் பாக்காம வாங்கிட்டு வந்து, நடுவுல 16 பக்கம் இல்ல. லைப்ரரில உக்காந்து கையால எழுதி ஒட்டுனேன். (அந்தப் பாடம் மட்டும் இன்னைக்கும் மறக்கல.) வருசம் முடிஞ்சு அங்கயே திருப்பிக் குடுத்தா வாங்குனதுல பாதி தேறும்.

ஆனா ஆப்டிக்ஸ் புக்கை நான் வாங்கல. மேக்காலத் தோட்டத்து அண்ணன் சும்மாவே குடுத்தாரு. "முடிச்சுட்டுத் தெக்காலத் தோட்டத்துப் பையனுக்குக் குடுத்துரு, அவனும் இதே படிப்புத்தான்"னு மட்டும் சொன்னாரு.

மூணாம் வருசத்துக்குப் பீஸ் கட்டற சமயம். பருத்திக் காசு வந்து சேரல. அப்பாகிட்ட மறுக்கா கேக்க வாய் வரல. இருந்த புத்தகத்தையெல்லாம் உக்கடத்துல போட்டுட்டேன், அதையும் சேத்துத்தான். கெடைச்சதை வெச்சுக் கொறைஞ்ச பீஸைக் கட்டுனேன்.

அடுத்த வாரம் அந்தப் பையன் சைக்கிள்ல வந்து வாசல்ல நின்னான். "அண்ணா, அந்தப் புக்கு..."

"தொலைஞ்சு போச்சுடா"ன்னேன்.

"பரவால்லீங்ண்ணா"ன்னான். எங்கம்மா குடுத்த மோரைக் குடிச்சுட்டுப் போயிட்டான்.

ஆறு மாசம் இருக்கும். அவங்க வீட்டு விசேசத்துக்குப் போனப்ப, திண்ணைல அந்தப் புத்தகம் கெடந்துச்சு. சிமெண்ட் பைக் காயிதத்துல எங்கம்மா போட்ட அட்டை. தொறந்து பாத்தேன். மேக்காலத் தோட்டத்து அண்ணன் பேரு, அதுக்குக் கீழ என் பேரு, ரெண்டையும் அடிச்சுட்டு அவன் பேரு. பக்கத்துல பென்சில்ல உக்கடத்துக் கடைக்காரரு எழுதுன வெலை, 35 ரூவா. சும்மா வர வேண்டிய புத்தகத்தை, எம் பேரைப் பாத்துட்டே காசு குடுத்து வாங்கியிருக்கான்.

அன்னைக்கும் ஒண்ணும் கேக்கல. எலையப் போட்டு, அவனே பாயாசம் ஊத்துனான்.

இன்னைக்கும் பால் ஊத்தற எடத்துல தெனமும் பாத்துக்கறோம். சினை மாடு, தேங்கா வெலை, போர்ல தண்ணி எறங்குனதுன்னு எல்லாம் பேசுவோம். நான் என்ன எழுதுனாலும் மொதல்ல படிக்கறவனும் அவந்தான். நாளைக்குக் காலைல கேனை எடுத்துட்டுப் போகணும், அவன் மொகத்தை எப்படிப் பாக்கறதுன்னுதான் ரோசனையா இருக்குது.