அப்பாவுக்கு எந்தக் கை?

கடலில் இருக்கிறவனுக்குக் கெட்ட சேதி சொல்லக் கூடாது. எங்கள் வீட்டில் இது பாட்டி காலத்துச் சட்டம். சொன்னால் அவனால் என்ன செய்ய முடியும்? இறங்கி வர முடியுமா? ராத்திரி தூங்காமல் கிடப்பான், அவ்வளவுதான். அதனால் மார்ச் மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது தம்பிக்குச் சொல்லவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ஆம்புலன்ஸில் போகும்போதே அம்மா சொல்லிவிட்டாள்: "அவனுக்கு மட்டும் வேணாம்."

தம்பி ஒரு பயணிகள் கப்பலில் லாண்டரியில் வேலை பார்க்கிறான். ஊரை விட்டுப் போய் ஏழு மாதம். பயணிகள் கப்பல் என்றதும் எல்லாரும் மேல்தளத்து நீச்சல்குளத்தை நினைத்துக்கொள்கிறார்கள். அவன் இருப்பது அடித்தளத்தில், ஜன்னல் கிடையாது. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் துண்டு, படுக்கை விரிப்பு, மறுபடியும் துண்டு. சிடிசி எடுக்க, பயிற்சிக்கு, ஏஜென்டுக்கு என்று வாங்கிய கடனில் பாதி இன்னும் நிற்கிறது.

அப்பா தூங்குறாரு, அப்பா கடைக்குப் போயிருக்காரு என்று மூன்று மாதம் ஓட்டினோம். ஜூனில் கப்பல் பினாங்குக்கு வருகிறது, பதினொன்றிலிருந்து மூன்று வரை தனக்கு லீவு என்று எழுதியிருந்தான். அம்மா என்னிடம், "நீ போய் நேர்ல பாரு. சொல்றதா வேணாமான்னு அங்க முடிவு பண்ணிக்க" என்றாள்.

போவது இப்போது சுலபம். 2023 டிசம்பரிலிருந்து மலேசியாவுக்கு நமக்கு விசா வேண்டாம். 2024 கடைசியில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானமும் வந்துவிட்டது. பாட்டி இருந்திருந்தால் இதை நம்பியிருக்க மாட்டாள்.

பாட்டி வளர்ந்தது கெடாவில், சுங்கை பட்டாணி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அவளும் அவள் அண்ணனும் ஒரே நிரையில் பால் மரம் வெட்டியவர்கள். குடியுரிமைக்கு மனுப் போடச் சொன்னபோது அண்ணன் அலைந்து திரிந்து வாங்கிவிட்டார். தாத்தா போடவில்லை, ஊருக்குத்தானே போகப் போகிறோம் என்று விட்டுவிட்டார். 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றார்கள். 1969 கலவரத்துக்குப் பிறகு பிடி இறுகியது. நீல அட்டை வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். சிவப்பு அட்டைக்காரர்களில் பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். ஒரே வீட்டுக்குள் இரண்டு நிற அட்டை இருந்ததைப் பற்றி நம் ஊரில் யாரும் அதிகம் எழுதவில்லை என்று நினைக்கிறேன். பாட்டி ராஜுலாவில் டெக் பயணியாக நாகப்பட்டினம் வந்து இறங்கினாள். 1926இல் கட்டிய கிழட்டுக் கப்பல் அது. பினாங்குத் துறைமுகத்தில் அண்ணன் வந்து வழியனுப்பினார். அதற்குப் பிறகு இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லை.

'புயலிலே ஒரு தோணி' படித்தவர்களுக்குப் பினாங்கு வேறு மாதிரி மனதில் இருக்கும். எனக்கு அது பாட்டி திரும்பிப் பார்த்த கரை.

ஸ்வெட்டன்ஹாம் துறையின் வாசலுக்கு எதிரே விக்டோரியா மகாராணி பேரில் ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. அறுபது வருட ஆட்சிக்கு அறுபது அடி உயரம். யுத்தத்தில் குண்டு விழுந்ததில் லேசாகச் சாய்ந்தது என்கிறார்கள். அதன் அடியில் நிற்கச் சொல்லியிருந்தான். பதினொன்று, பதினொன்றே கால். சுற்றுலாப் பயணிகள் கும்பல் கும்பலாக வந்து டிரைஷா ஏறிப் போனார்கள். கரையிறங்குவது கடலோடியின் உரிமை என்று 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. ஆனால் கப்பல் துறையில் நிற்கும்போதும் உள்ளே இத்தனை ஆள் இருந்தாக வேண்டும். முறை போட்டுத்தான் விடுவார்கள். பதினொன்று நாற்பதுக்கு வந்தான்.

இளைத்திருந்தான். வெயில் படாமல் ஒரு மாதிரி வெளுத்திருந்தான். எங்கள் வீட்டில் கட்டிப்பிடிக்கும் பழக்கமெல்லாம் கிடையாது. என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, "வாக்கா, டைம் இல்ல" என்று நடக்க ஆரம்பித்தான்.

லிட்டில் இந்தியா பக்கம்தான். சிம் கார்டு, ஷாம்பு, பல் தேய்க்கிற பிரஷ், ஊருக்குப் பணம் அனுப்ப ஒரு கடை. ஒவ்வொன்றுக்கும் மனதில் நிமிடக் கணக்கு வைத்திருந்தான். இருபது துறைமுகம் பார்த்தவன் என்று ஊரில் பெருமையாகச் சொல்கிறோம். அவன் பார்த்தது இருபது துறைமுகங்களின் சிம் கார்டு கடைகளை.

பிறகு நாசி கண்டார் சாப்பிட உட்கார்ந்தோம். தமிழ் முஸ்லிம்கள் ஒரு காலத்தில் தோளில் காவடி மாதிரிக் கம்பு போட்டு, சோறும் கறியும் தூக்கிவந்து துறைமுகக் கூலிகளுக்கு விற்ற சாப்பாடு. இன்றைக்கு அதற்கு வரிசை நிற்கிறது. ஏழு மாதமாகக் கப்பல் மெஸ் சோறு தின்றவன், குழம்பை நாலு வகையும் ஒன்றாக ஊற்றச் சொன்னான். எப்படிப் பேச்சை எடுப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்: "அப்பாவுக்கு எந்தக் கை? வலதா, இடதா?"

"வலது."

"பேச்சு?"

"கொழகொழன்னு வரும். இப்ப பரவால்ல. வாக்கர் வச்சு பாத்ரூம் வரைக்கும் போறாரு."

தலையாட்டினான். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அம்மா பேசறப்ப பின்னால ஹால்ல கட்டில் கிடந்துச்சு. நம்ம வீட்ல ஹால்ல யாரு படுப்பா?"

"அப்புறம் ஏண்டா கேக்கல?"

"கேட்டா சொல்லிருவீங்க. சொல்லிட்டா நான் இறங்கணும்ல."

அவன் கணக்கு இது. விஷயம் தெரிந்துவிட்டால் அதிகாரியிடம் போய்ச் சொல்ல வேண்டும், கையெழுத்துப் போட்டு இறங்க வேண்டும். பாதியில் இறங்கினவனுக்கு அடுத்த கான்ட்ராக்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கடன் அப்படியே நிற்கும், அப்பாவின் பிசியோதெரபி செலவு அதற்கு மேல். தெரியாதவனாக இருக்கும்வரை வேலை பார்க்கலாம். நாங்கள் அவனுக்காக மறைத்ததை அவன் கைமாத்து மாதிரி வாங்கிச் செலவழித்திருக்கிறான். எனக்குக் கோபம் வந்ததா என்றால், வந்தது. ஆனால் அவன் தட்டில் கவனம் வைத்துச் சாப்பிட்ட விதத்தைப் பார்த்ததும் எதுவும் பேசத் தோன்றவில்லை. மூன்று மாதம் தனியாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"இன்னும் ரெண்டு மாசம். முடிச்சுட்டு வந்துடறேன். அப்பா எந்திரிச்சு நடக்கற வரைக்கும் அடுத்தது போக மாட்டேன். ஆனா அம்மாகிட்ட, நீ இன்னிக்குத்தான் சொன்னேன்னு சொல்லு."

பாட்டியின் அண்ணனும் இப்படித்தான் எழுதுவார். நீல நிற ஏர்மெயிலில் நலம், நலமறிய ஆவல். மகளுக்குக் கல்யாணம், மழை அதிகம், ரப்பர் விலை. காசநோய் வந்து ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எழுதிய கடிதத்திலும் மழை அதிகம் என்றுதான் இருந்தது. அவர் இறந்த செய்தி வந்து சேர இரண்டு மாதம் ஆனது. பாட்டியும் தாத்தா குடித்துவிட்டு விழுந்ததையெல்லாம் அங்கே எழுதினதில்லை. ஒருவருக்கொருவர் இருபது வருடம் பொய் எழுதியவர்கள் என்று சொல்லலாம். அந்தக் கடிதங்களைப் பாட்டி கடைசிவரை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள்.

அங்கே ஒன்றே முக்கால், ஊரில் பதினொன்றே கால். கடைக்கு வெளியே ஐந்தடிப் பாதையில் நின்று போன் போட்டேன். "சொல்லிட்டேம்மா" என்றேன். அம்மா ஒன்றும் கேட்காமல் போனை அப்பா பக்கம் திருப்பினாள். அப்பா இடது கையைத் தூக்கினார். ஏதோ சொன்னார், எனக்குப் புரியவில்லை. தம்பி, "சாப்ட்டேம்ப்பா. மீன் தலை" என்றான். அப்பா மறுபடி ஏதோ சொன்னார். இவன் சிரித்தான். என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "உனக்குப் புரியாது" என்றான்.

இரண்டரைக்கு மணிக்கூண்டுக்குத் திரும்பிவிட்டோம். வீட்டில் செய்த தின்பண்டத்தைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள் என்று முன்பே சொல்லியிருந்தான். அதற்காக அம்மா நார்த்தங்காய் ஊறுகாயை நாகையில் ஒரு மிட்டாய்க் கடையில் கொடுத்து, மெஷினில் பாக்கெட் ஒட்டி அனுப்பியிருந்தாள். லேபிள்கூட உண்டு, வேறு ஏதோ காரச்சேவு லேபிள். அதை ஷாம்புக்கு அடியில் வைத்துக்கொண்டு வாசலுக்குள் போனான். அட்டையைக் காட்டினான், உள்ளே விட்டார்கள்.

மாலை ஐந்து மணிக்குக் கப்பல் நகரும்போது வெல்ட் கீ பக்கம் நின்றிருந்தேன். அத்தனை ஜன்னலில் எதுவும் அவனுடையது இல்லை என்பதால் கையாட்டவில்லை. சிக்னல் போவதற்குள் அனுப்பியிருந்தான்: "ஊறுகா உள்ள வந்துருச்சு. செக்யூரிட்டி மோந்து பாத்துட்டு விட்டுட்டான்."